எரிமலை நிலத்தில் ஓர் உப்பளக்காரி

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிவைத்த ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்ற சிறு நூலில் நான் வாழ்ந்த இரண்டு நிலங்களின் வாசல்களும் இருக்கின்றன. செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையில் அதூலிஸ் என்ற துறைமுகம். அதன் பின்னால் மலைமேல் அக்சும் அரசு. நம் கரையில் கமரா, பொதுகா, சோபட்மா என்று மூன்று துறைகள். பொதுகா என்பது புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேடு என்றும், சோபட்மா என்பது சங்க நூல்கள் பேசும் எயிற்பட்டினம், அதாவது இன்றைய மரக்காணம் என்றும் ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். எங்கள் அனுமந்தை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே கழுவெளிச் சதுப்பு, நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலை. சென்னையிலிருந்து பாண்டிக்குக் காரில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் ஒரு டோல்கேட். பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

என் அம்மா மரக்காணம் அளத்தில் உப்பு வாரியவர். நான் வேதியியல் படித்து, இங்கே கல்லூரியில் பாடம் நடத்தி, பிறகு எத்தியோப்பியாவின் வடக்கே திக்ரை மாநிலத்துத் தலைநகரான மேக்கெலேயில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். நம்மூர் வாத்தியார்கள் அந்த நாட்டுக்குப் போவது புதிதல்ல. பேரரசர் ஹைலே செலாசி காலத்திலேயே பள்ளிக்கூடங்களுக்குப் போயிருக்கிறார்கள். 2000க்குப் பிறகு அங்கே புதிது புதிதாகப் பல்கலைக்கழகங்கள் திறந்தபோது இன்னொரு கூட்டம் போனது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

மேக்கெலே சந்தையில் உப்பு கேட்டபோது கடைக்காரர் சாம்பல் பூத்த ஒரு சதுரக் கல்லை எடுத்து முன்னால் வைத்தார். சிறு கோடாலியால் ஓரத்தைத் தட்டி, விழுந்த துண்டை நிறுத்துக் கொடுத்தார். உப்பளக்காரி மகளுக்கு உப்பை உடைத்து விற்பது வேடிக்கையாக இருந்தது. “எந்தக் கடல் உப்பு?” என்றேன். “கடல் இல்லை, கீழே” என்று கிழக்கே கை காட்டினார். அந்தக் ‘கீழே’யைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மேக்கெலே கடல் மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. கிழக்கே மலை சட்டென்று சரிந்து இறங்குகிறது. இறங்கி முடிகிற இடம் கடல் மட்டத்துக்கும் நூறு மீட்டருக்கு மேல் கீழே கிடக்கும் தனாக்கில் பள்ளம். ஆப்பிரிக்காவின் இரண்டு நிலத்தட்டுகளும் அரேபியத் தட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும் முச்சந்தி அது. விலகுகிற இடத்தில் தரை தாழ்கிறது. தாழ்ந்த தரையின் விரிசல்கள் வழியே எரிமலைக் குழம்பு மேலே வருகிறது. இது பழங்கதை இல்லை. 2005 செப்டம்பரில், இந்தப் பள்ளத்தையும் உள்ளடக்கிய அஃபார் நிலத்தில், தபாஹு எரிமலையை ஒட்டி, அறுபது கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்தது. சில இடங்களில் எட்டு மீட்டர் வரை விலகியது.

அந்தப் பள்ளத்துக்குள் ஒரு காலத்தில் செங்கடல் புகுந்திருந்தது. பிறகு நிலம் எழும்பியும் எரிமலைப் பாறை குறுக்கே விழுந்தும் வழி அடைபட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட கடல் வெயிலில் வற்றியது. இப்படிப் பல முறை நடந்து உப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கனமாகப் படிந்திருக்கிறது.

படிப்பால் அல்ல, பிறப்பால் எனக்குத் தெரிந்த சங்கதி இது. நாங்கள் செய்வதும் கடலை மறித்து வற்றவைப்பதுதான். கடல்நீர், உப்புச் செறிவுக் கணக்கில், மூன்று டிகிரி சுமாருக்கு உள்ளே வரும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவைத்தால் முதலில் ஜிப்சம் இறங்கும். இருபத்தைந்து டிகிரியில் உப்பு பூக்கும். இருபத்தொன்பதைத் தொடுவதற்குள் வாரிவிட்டு, மிஞ்சிய கசப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் மெக்னீசியமும் பொட்டாசியமும் உப்போடு சேர்ந்து உப்பைக் கெடுத்துவிடும். அம்மா டிகிரி பார்க்கும் கருவியைத் தொட்டதில்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார், விரலில் எடுத்துப் பிசுபிசுப்பைப் பார்ப்பார், “இன்னும் ரெண்டு நாளு” என்பார். சரியாக இருக்கும்.

தனாக்கில் என்பது யாரும் வடித்துவிடாத ஒரு பாத்தி. ஜிப்சம் இறங்கி, உப்பு இறங்கி, அதற்குமேல் கசப்பும் இறங்கி, பொட்டாஷ் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. எங்கள் அளத்தில் நாங்கள் முடித்துக்கொள்ளும் இடத்திலிருந்து மேலே போய்க் கடைசி வரைக்கும் வற்றிய கடல் அது. ஒரு வேதியியல் ஆசிரியைக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

போனது ஜனவரி மாதம். அங்கே அதுதான் குளிர்காலம். தனியாகப் போக விட மாட்டார்கள். 2012 ஜனவரியில் எர்த்தா ஆலே எரிமலையில் ஐரோப்பியப் பயணிகள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு ஆயுதக் காவல் இல்லாமல் வண்டி நகராது. எங்கள் ஜீப்பில் இரண்டு ஆசிரியர்கள், ஓட்டுநர், துப்பாக்கியோடு ஒரு அஃபார் காவலர். ஓட்டுநர் என்னை வழியெல்லாம் ‘எமாமா’ என்றுதான் கூப்பிட்டார். வயதில் மூத்த பெண்ணுக்கு அந்த ஊர் மரியாதை.

பாதி வழியில் பெரஹிலே. அங்கிருந்து பள்ளத்தாக்கு வழியே ஒட்டகங்கள் வரிசையாக ஏறி வந்தன. ஒன்றின் வால் பக்கத்துக் கயிறு அடுத்ததின் தாடையில் கட்டியிருந்தது. ஒவ்வொன்றின் இரண்டு விலாவிலும் உப்புக் கற்கள். நடுநடுவே கழுதைகள், கோவேறு கழுதைகள். இறங்கிப் போகும் வரிசையின் முதுகில் வைக்கோல்; திரும்பி வரும்போது தின்ன வேண்டிய தீனியைப் போகும்போதே சுமந்து போய் வழியில் அங்கங்கே இறக்கி வைத்துவிடுகிறார்கள். புல் முளைக்காத வழிக்கு அதுவே ஏற்பாடு.

கடைசிக் குடியிருப்பு ஹமெத் எலா. குச்சியும் கல்லும் வைத்துக் கட்டிய குடிசைகள். இரவு வெளியே கயிற்றுக் கட்டிலில் படுத்தோம். காற்று ராத்திரி முழுவதும் நிற்கவில்லை. அதுவும் சூடான காற்று. பக்கத்துத் தல்லோலில் 1960 முதல் 1966 வரை கணக்கெடுத்த ஆண்டுச் சராசரி வெப்பம் 34 டிகிரி செல்சியசைத் தாண்டியது. சராசரி என்பதைக் கவனியுங்கள். பகலும் இரவும், கோடையும் குளிரும் சேர்த்து எடுத்த கணக்கு. மனிதர் குடியிருந்த இடங்களில் பதிவானதில் இதைவிடக் கூடிய சராசரி இல்லை.

தல்லோல் மேடு அந்த உப்புப் பரப்பிலிருந்து சில பத்து மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. 1926இல் அங்கே நிலத்தடி நீர் கொதித்து வெடித்து ஒரு பள்ளம் உண்டானது. மேலே ஏறினால் மஞ்சள் கந்தகம், துரு நிறம், பச்சைக் குட்டைகள். இரும்பு எந்த அளவுக்கு ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கிறதோ அதற்குத் தக்க நிறம் மாறும். சில குட்டைகளின் அமிலம் பிஎச் அளவில் பூஜ்ஜியத்துக்கும் கீழே. நான் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் மட்டும் எழுதிக் காட்டிய எண் அது. 2019இல் ஒரு ஐரோப்பிய ஆய்வுக் குழு அந்த அமிலக் குட்டைகளில் நுண்ணுயிர் வாழும் தடயம் கூட இல்லை என்று அறிவித்தது. தண்ணீர் இருந்தால் உயிர் இருக்கும் என்று நாம் சொல்லிக் கொடுக்கும் விதிக்கு விலக்கு.

எர்த்தா ஆலேக்கு இரவில் ஏறினோம். 613 மீட்டர்தான் உயரம். ஆனால் ஏறுவது உடைந்து கூராக நிற்கும் கருங்குழம்புப் பாறைமேல். உச்சிப் பள்ளத்தில் குழம்பு தளதளத்துக்கொண்டிருந்தது. மேலே கறுத்த ஆடை படரும், கோடு கோடாக விரியும், ஓரத்தில் மறுபடி உள்ளே மடங்கிப் போகும். என்னோடு வந்தவர்கள் விடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பார்க்க வேண்டிய காட்சி, மறுக்கவில்லை. எனக்கு மனம் மறுநாள் பார்க்கப்போகிற உப்பு வெட்டும் களத்திலேயே இருந்தது.

அசாலே ஏரியின் ஓரம் அந்தக் களம். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. ஒரு கூட்டம் உப்புத் தரையில் கோடாலியால் கோடு போட்டு வெட்டுகிறது. அடுத்த கூட்டம் நீண்ட கழிகளை அந்த வெட்டுக்குள் செருகி, சேர்ந்து குரல் கொடுத்து நெம்பிப் பெரிய பாளமாகப் பெயர்க்கிறது. மூன்றாவது கூட்டம் சம்மணமிட்டு உட்கார்ந்து பாளத்தைச் சதுரக் கற்களாகச் செதுக்குகிறது. செதுக்குகிறவர்கள் அஃபார் மக்கள். நெம்புகிறவர்களிலும் ஒட்டகம் ஓட்டுகிறவர்களிலும் மலைமேலிருந்து வரும் திக்ரை ஆட்கள் அதிகம். இவர்கள் முஸ்லிம்கள், அவர்கள் கிறிஸ்தவர்கள், மொழியும் வேறு. ஆனால் யார் வேலை எது என்பதில் குழப்பம் இல்லை. கல்லின் அளவைக் கண்ணால்தான் பார்க்கிறார்கள். அடுக்கி வைத்தால் ஒரு விரல்கடை கூட முன்பின் இல்லை. அங்கே ஒரு பெண்கூட இல்லை என்பதை நான் கவனித்தேன். எங்கள் களத்தில் பலகை பிடித்து வாருவதும் கூடையில் சுமப்பதும் பாதிக்கு மேல் பெண்கள்.

இன்னொன்றும் தலைகீழ். எங்களுக்குத் தை மாசியில் பாத்தி தயாராகி, பங்குனி முதல் ஆவணி வரை உப்பு. ஐப்பசி மழை வந்தால் களம் மூழ்கிவிடும், வேலை இல்லை. அவர்களுக்குக் கோடையில் வேலை இல்லை. அந்த வெயிலில் அங்கே நின்றால் பிழைக்க முடியாது. எங்கள் பாத்தி தூங்கும் மாதங்கள்தான் அவர்களுக்குப் பருவம்.

செதுக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் ஓட்டுநர் என்னைக் காட்டி, இந்த அம்மாவும் உப்பு எடுக்கிற குடும்பம் என்று சொன்னார். அவர் வேலையை நிறுத்தவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி ஒரு கேள்வி கேட்டார்: “உங்கள் ஊர் உப்பு யாருடையது?” ஓட்டுநர் மொழிபெயர்த்ததும் எனக்கு ஒரே வாக்கியத்தில் பதில் வரவில்லை. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை ஒருவருடையது, மூட்டை வாங்குகிற வியாபாரி இன்னொருவர் என்றேன். “உன் அம்மா?” என்றார். “கூலி” என்றேன். அவர் உச்சுக் கொட்டினார். “இது எங்களுடையது” என்று கோடாலி முனையால் தரையைத் தொட்டுக் காட்டிவிட்டு மறுபடி செதுக்கப் போய்விட்டார்.

அந்த ஒரு கேள்வியால்தான் இரண்டு கரைகளின் உப்பு வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குக் கிடைத்தது இதுதான்: உப்பு விளைகிற இடத்தைக் கைப்பற்றியவர்கள் குறைவு, உப்பு போகிற வழியைக் கைப்பற்றியவர்கள் அதிகம். வழி எங்கே சுலபமோ அங்கே உப்பெடுத்தவர் கூலியானார். வழி எங்கே கடினமோ அங்கே உப்பெடுத்தவர் உரிமைக்காரராக நீடித்தார்.

முதலில் அந்தப் பக்கம். ஆறாம் நூற்றாண்டில் அதூலிஸுக்கு வந்த கோஸ்மஸ் என்ற வணிகர், அக்சும் அரசரின் ஆட்கள் உள்நாட்டுக்குப் போய்த் தங்கம் வாங்கும் விதத்தை எழுதியிருக்கிறார். முள்வேலி போட்டு அதன்மேல் மாட்டிறைச்சி, உப்புத் துண்டு, இரும்பு வைப்பார்கள். தங்கம் வைத்திருப்பவர் வந்து தனக்கு வேண்டிய பொருளுக்குப் பக்கத்தில் தங்கக் கட்டியை வைத்துவிட்டு ஒதுங்குவார். கட்டியின் அளவு பிடித்தால் விற்பவர் எடுத்துக்கொள்வார், பிடிக்காவிட்டால் தொடமாட்டார். பேச்சே இல்லாத பேரம். நம் பக்கத்தில் உமணர்கள் மாட்டு வண்டியில் உப்பேற்றி உள்நாட்டுக்குப் போய் நெல்லுக்கு மாற்றியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. இரண்டு இடத்திலும் உப்பு பணமாகத்தான் தொடங்கியது.

எத்தியோப்பியாவில் அது பணமாகவே நீடித்தது. 1520களில் அந்த நாட்டில் ஆறு ஆண்டு இருந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் பிரான்சிஸ்கோ ஆல்வரஸ், உப்புக் கட்டி அங்கே நாணயமாக நடப்பதை எழுதினார். ‘அமோலே’ என்று பெயர். களத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் காசுக்கு நிறைய அமோலே கிடைக்கும். தெற்கே போகப் போக அதே காசுக்குக் கிடைக்கும் எண்ணிக்கை குறையும். ஒவ்வொரு மலையேற்றமும் கட்டியின் மதிப்பில் ஏறிக்கொண்டது. பின்னாளில் 1780 என்ற ஆண்டைத் தாங்கிய மரியா தெரசா வெள்ளி நாணயம் நாடெங்கும் புழங்கியபோதும் அதற்குச் சில்லறை அமோலேதான். இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அது செல்லுபடியானது.

இவ்வளவு பெரிய செல்வத்தின் ஊற்றை எந்த அரசரும் போய் வளைத்துப் போடவில்லையா? ஆசை இருந்திருக்கும். ஆனால் அந்தப் பள்ளத்தில் சிப்பாயை நிறுத்த முடியாது. தண்ணீருக்கும் நிழலுக்கும் அஃபார் மக்களைத்தான் நம்ப வேண்டும். 1875இல் எகிப்துக்காக அந்த நிலத்துக்குள் படையோடு போன சுவிஸ்காரர் முன்சிங்கர், ஔஸாவில் கொல்லப்பட்டார். 1928இல் நெஸ்பிட் என்பவர் இரண்டு இத்தாலியர்களோடு தெற்கிலிருந்து வடக்கே தனாக்கிலைக் கடந்து போனது அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்கே ஒரு செய்தி. ஆகவே திக்ரை அரசர்கள் வேறு வழி கண்டார்கள். ‘பல்கதா’ என்ற பட்டத்தோடு ஓர் அதிகாரியை வைத்து, உப்பு ஒட்டகங்கள் மலையேறி வரும் இடத்தில் வரி வாங்கினார்கள். உப்புக்கு வரி உண்டு. ஆனால் வரிக்காரர் மலைமேல். கீழே களம் அஃபார் மக்களிடமே இருந்தது. எரிமலையும் வெயிலும் அவர்களுக்கு வேலியாக நின்றன.

இந்தப் பக்கத்துக்கு வருகிறேன். எங்கள் கரைக்கு அப்படி ஒரு வேலி இல்லை. தட்டையான கரை, கழுவெளியின் உப்பங்கழி, கைக்கெட்டும் கடல். மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. கோயிலுக்கு அளத்தைக் கொடையாக விட்ட செய்தியை அங்கே படிக்கலாம். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே உப்பளம் இன்னாருடையது என்று கல்லில் வெட்டிக் கொடுக்கிற அளவுக்கு அரசு இங்கே எட்டிப் பிடித்திருந்தது.

அந்தப் பிடி இறுகியது 1805இல். மதராஸ் மாகாணத்தில் உப்பு கிழக்கிந்தியக் கும்பினியாரின் ஏகபோகம் என்று அந்த ஆண்டு சட்டம் வந்தது. அளத்துக்காரர் எடுத்த உப்பு முழுவதையும் கும்பினியிடம்தான் தர வேண்டும். அவர்கள் வைத்த கூலியைக் ‘குடிவாரம்’ என்ற பெயரில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய உப்பைப் பல மடங்கு விலையில் கும்பினி விற்கும். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக்குப் பக்கம் என்பதால் இன்னொரு சங்கடம் கும்பினிக்கு இருந்தது. அந்தப் பக்கத்து மலிவு உப்பு எல்லை தாண்டினால் ஏகபோகம் என்னாவது? 1815 மார்ச்சில் பிரெஞ்சுக்காரர்களோடு ஓர் உடன்படிக்கை செய்தார்கள். பிரெஞ்சு நிலத்தில் விளையும் உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்கு. அதற்கு ஈடாக ஆண்டுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சுக்காரர்களுக்கு. லண்டனும் பாரிசும் பேசி முடித்த அந்தக் கணக்கில் பாத்தியில் நின்றவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் கால்வாய். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய சிறு கால்வாய் வடக்கும் தெற்கும் நீண்டுகொண்டே போய், ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமில் தொடங்கி மரக்காணத்தில் முடிந்தது. ஏறக்குறைய 420 கிலோமீட்டர். 1877–78 பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்த கூலிகளைக் கொண்டு சென்னைக்குள் அடையாறையும் கூவத்தையும் இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரையே வைத்துவிட்டார்கள். மரக்காணத்து உப்பு படகில் ஏறினால் கடலைத் தொடாமல் சென்னை போய்விடும். அங்கே ஒட்டகம் மலையேறப் பல நாள். இங்கே தட்டையான தண்ணீர். வழி இவ்வளவு சுலபமாக இருந்தால் வாயிலில் ஆள் நிற்பதும் சுலபம்தானே!

நின்றார்கள். உப்பு குவித்து வைக்கும் கொட்டாரத்தைச் சுற்றி வேலி, காவல், முத்திரை. கரையோரச் சதுப்புகளில் வெயிலில் தானாக விளைந்து கிடக்கும் உப்பை மக்கள் அள்ளிவிடக் கூடாது என்று ஆள் வைத்து மிதித்து மண்ணோடு அழித்தார்கள். வீட்டு வாசலில் உப்பு பூத்துக் கிடக்க, கடையில் வரி கட்டிய உப்பை வாங்கிச் சோற்றில் போட வேண்டியிருந்தது. 1923இல் ஒரு மணங்கு உப்புக்கு வரி இரண்டரை ரூபாய் வரை ஏறியது. மறு ஆண்டு ஒன்றேகால் ரூபாய்க்கு இறங்கியது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டு வேதாரண்யம் போய் 30ஆம் தேதி உப்பள்ளிக் கைதானது எல்லாருக்கும் தெரிந்த கதை. உப்பு வரி போனது 1947இல்தான். வரி போனது, அளத்தின் நிலமும் குத்தகையும் வியாபாரமும் இருந்த இடத்திலேயே இருந்தன. அம்மா இதை ஒரு வரியில் சொல்வார்: “வாரனவளுக்குக் கூலி, மூட்ட கட்னவனுக்குக் காசு.”

அஃபார் நிலத்துக்கும் வழி சுலபமாகத் தொடங்கியபோது என்ன நடந்தது என்பதைப் பார்த்தால் என் கணக்கு சரியா என்று தெரியும். எரித்திரியாவை இத்தாலியர்கள் பிடித்து வைத்திருந்த காலத்தில் தல்லோல் பொட்டாஷ் மேல் கண் விழுந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் பொட்டாஷ் கிடைக்காமல் போக, செங்கடல் கரையின் மெர்சா பாத்மாவிலிருந்து உள்ளே ஒரு சிறு ரயில் பாதையே போட்டார்கள். 1918இல் அது தல்லோலுக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஐம்பதாயிரம் டன் சுமாருக்குப் பொட்டாஷ் போனது. போர் முடிந்ததும் மற்ற இடங்களில் மலிவாகக் கிடைத்தது, தல்லோல் கைவிடப்பட்டது. பிறகு இத்தாலியரும் அமெரிக்கரும் ஜெர்மானியரும் மாறி மாறி முயன்றார்கள். 1951 முதல் 1953 வரை அஸ்மராவின் ஒரு நிறுவனம் தல்லோல் சரக்கில் சில டன்களை இந்தியாவுக்கு விற்றதாகப் பதிவு இருக்கிறது. தல்லோலில் இன்று நிற்பது உப்புக் கல்லாலேயே கட்டிய வீடுகளின் இடிபாடும் துருப்பிடித்த இயந்திரங்களும். கம்பெனிகள் வந்து போயின; செதுக்குகிறவர்கள் பக்கத்திலேயே செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் நான் இருந்த காலத்திலேயே மேக்கெலேயிலிருந்து தார்ச்சாலை கீழே இறங்கிவிட்டது. ஒட்டகத்தின் பக்கத்தில் லாரி வந்தது. லாரி வந்தால் சங்கம், ரசீது, வரி எல்லாம் வரும். தெற்கே அஃப்ரேரா ஏரியில் இன்னொரு மாற்றம். 1998இல் எரித்திரியாவோடு போர் மூண்டு, செங்கடல் துறைமுக உப்பு வருவது நின்றபோது, எத்தியோப்பியா அந்த ஏரி நீரைப் பாத்திகளில் ஏற்றிக் காயவைத்து உப்பெடுக்கத் தொடங்கியது. எரிமலையடிவாரத்தில் எங்கள் ஊர்த் தொழில்! அயோடின் கலக்க வேண்டும் என்ற அரசு விதிக்கும் பாத்தி உப்பே ஏற்றது; கல்லில் எப்படிக் கலப்பது? நாட்டின் சாப்பாட்டு உப்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அயோடின் குறைவால் கழுத்துக் கழலை வந்த குழந்தைகளை நான் மேக்கெலேயில் பார்த்திருக்கிறேன். அயோடின் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சாலையில் மருந்தும் வரும், வரிக்காரரும் வருவார். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பது மட்டுமே என் கட்சி.

2020 நவம்பரில் திக்ரையில் போர் தொடங்கி இரண்டு ஆண்டு நடந்தது. அதற்கு முன்பே நான் ஊர் திரும்பிவிட்டேன். மலைக்கும் பள்ளத்துக்கும் இடையிலான அந்தப் பழைய வேலைப் பங்கீட்டுக்கு அந்தப் போரைப் போல அடி கொடுத்தது வேறில்லை என்று அங்கிருக்கும் என் மாணவர்கள் போனில் சொன்னார்கள்.

இங்கே 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் கரை கடந்தது. மரக்காணத்தின் மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அளங்கள் நீருக்குள் போயின. மழைக்காலம் எப்படியும் வேலையில்லாக் காலம்தான். அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் என்று 2022 முதல் தமிழ்நாடு அரசு தருகிறது. அனுமந்தையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பலர் அது போதாது என்கிறார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். இருந்தாலும் 1805லிருந்து கணக்குப் பார்த்தால், உப்பின் பெயரில் பணம் எங்கள் கரையிலிருந்து வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. உப்பு வாரியவள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணின் வீட்டுக்கு அரசுப் பணம் வருவது அந்த ஓட்டத்துக்கு எதிர்த்திசை. சிறிய தொகை, ஆனால் திசை சரி.

அந்த முதியவரின் கேள்விக்கு இன்றைக்கும் ‘எங்களுடையது’ என்று என்னால் சொல்ல முடியாது. எரிமலையை வேலியாகக் கொண்டு வந்து நிறுத்தவும் முடியாது. எங்கள் ஊர் வழியே சாலை போய்க்கொண்டுதான் இருக்கும், டோல்கேட்டும் இருக்கும். வெயிலும் பாறையும் அவர்களுக்குச் செய்துகொடுத்ததை இங்கே சட்டமும் சங்கமும்தான் செய்ய வேண்டும்: குத்தகையில் தொழிலாளர் கூட்டுறவுக்கு முதல் உரிமை, களத்து விலை பேசும் இடத்தில் வாருகிறவளுக்கு ஒரு நாற்காலி. கும்பினியும் பிரெஞ்சுக்காரரும் உட்கார்ந்து எங்கள் உப்புக்கு விலை பேசி இருநூறு ஆண்டு ஆகிவிட்டது. அந்த மேஜையில் இன்னும் எங்களுக்கு இடம் போடவில்லை.